கோலார் தங்கவயலில் மார்கழிக் காலை: நிலக்காட்சிப் படமும் பறவைக் கணிப்பும்

கர்நாடக மாநிலத்திலுள்ள கோலார் தங்கவயலில் 1880-ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனியார் தொடங்கிய சுரங்கப்பணி, ஏறத்தாழ 3 கிலோமீட்டர் ஆழம் வரை சென்று, 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் நின்றுபோயிற்று. தாதுக்கல்லை மாவாகப் பொடித்து, சயனைடு கரைசலால் தங்கத்தைப் பிரித்தபின் எஞ்சிய கழிவுப்பொடி, ஊரைச் சுற்றி வெளிறிய குன்றுகளாய்க் குவிந்து நிற்கின்றது. இத்தகைய 13 குவியல்களை மீண்டும் தோண்டும் மத்திய அரசின் திட்டத்திற்குக் கர்நாடக அமைச்சரவை 2024-இல் இசைவளித்தது. ஆகவே இந்நிலத்தோற்றம் மாறக்கூடியது. மாறுமுன் அதனையும் அங்கு வாழும் பறவைகளையும் முறையாகப் பதிவு செய்தல் களப்பணியாளரும் மாணவரும் செய்யத்தக்க பணியாகும். அதற்கேற்ற வேளை மார்கழி, தை மாதங்களின் காலைப்பொழுதே.

ஒளியின் இயல்பு

டிசம்பர் பிற்பகுதியில் இவ்வூரில் ஞாயிறு நேர்கிழக்கினின்று சுமார் 24 பாகை தெற்கே ஒதுங்கி எழுகின்றது. எழுந்த அரைமணியில் அதன் உயரம் ஏறத்தாழ 6 பாகையே. அப்போது ஒரு மீட்டர் உயரமுள்ள கோலின் நிழல் 9 மீட்டருக்கு மேல் நீளும். நண்பகலில் தட்டையாகத் தோன்றும் குவியற் சரிவில், மழைநீர் அரித்த ஓடைகள் ஒவ்வொன்றும் இந்த நீள்நிழலால் தெளிவாகப் புலப்படும். ஆதலின் சரிவின் அரிப்பைப் பதிவு செய்ய விரும்புவோர், ஒளி பக்கவாட்டில் விழுமாறு வடக்கு அல்லது தெற்கு நோக்கி நின்று படமெடுத்தல் வேண்டும். பறவையின் நிறத்தைக் காட்டவேண்டுமாயின் ஞாயிற்றை முதுகுப்புறம் கொள்ளுதல் நலம்.

மேகமற்ற குளிரிரவில் நிலம் வெப்பத்தை வானவெளிக்கு இழந்து விரைவில் குளிர்கின்றது. குளிர்ந்து கனத்த காற்று பள்ளங்களில் தேங்க, அங்கு மூடுபனி உண்டாகின்றது. பனி படர்ந்த காட்சி அழகியதே. எனினும் அவ்வேளையில் செய்யும் பறவைக் கணிப்பு குறைவாகவே அமையும். பனி விலகிய பின்னரே எண்ணத் தொடங்குக.

பறவைகளின் ஒழுங்கு

இரவில் ஆற்றலை இழந்த சிறுபறவைகள் விடிந்தவுடன் இரை தேடுகின்றன. நெட்டைக்காலியும் வானம்பாடியும் புல்வெளித் தரையிலும், ஆள்காட்டி திறந்த வெளிகளிலும் காணப்படும். பஞ்சுருட்டான் மட்டும் உடனே வேட்டையைத் தொடங்குவதில்லை. பறக்கும் பூச்சிகள் வெயிலேறிய பின்னரே எழுவதால், அது கம்பியில் அமர்ந்து குளிர்காயும். தரை சூடேறி வெப்பக்காற்று மேலெழுந்த பிறகே பருந்தினம் வட்டமிடும். வலசை வரும் பூனைப்பருந்து இதற்கு விலக்கு. அது புல்வெளியின்மேல் தாழப் பறந்தே இரை தேடும். வாலாட்டிகளைக் காண, தங்கவயலுக்கு நீர் அளித்த, பாலாற்றின் குறுக்கே அமைந்த பேத்தமங்கலம் ஏரிக்கரை ஏற்றது.

பதிவு செய்யும் முறை

1. குவியலுக்கு வெளியே, பொதுவழியில் நிலையான ஓரிடத்தைத் தெரிந்து, அதன் அடையாளத்தை எழுதுக. கழிவுப்பொடி காற்றில் பறந்து மூச்சுக்குக் கேடு விளைவிக்கும். கைவிடப்பட்ட சுரங்கவாய்களும் ஆபத்தானவை. மாணவரை இவற்றருகே அழைத்துச் செல்லலாகாது.
2. அதே இடத்தில், அதே திசையில், அதே வில்லை அமைப்பில் ஆண்டுதோறும் ஒரு படம் எடுக்க. அருகில் அளவுகோல் ஒன்றை நிறுத்துக.
3. பத்து நிமிடங்கள் நின்று, பறவையினம், எண்ணிக்கை, செயல், காற்று, மேகம், நேரம் ஆகியவற்றைக் குறிக்க.
4. ஐயமுள்ள பறவையை ‘அறியப்படாதது’ என்றே எழுதுக. ஒருநாள் காணாத பறவையை அவ்வூரில் இல்லாதது எனக் கொள்ளலாகாது; எத்தனை நாள் நோக்கியும் காணவில்லை என்பதையே பதிவு செய்க.

நாள், இடம், திசை குறிக்கப்படாத படம் எத்துணை அழகாயினும் ஒப்பீட்டிற்குப் பயன்படாது. குவியல் ஒன்று அகற்றப்பட்டபின் அதன் முன்னைய நிலையை மீண்டும் படம்பிடிக்க வழியில்லை.

பயிற்சி

பஞ்சுருட்டான் மண்சரிவில் வளை தோண்டிக் கோடையில் குஞ்சு பொரிப்பது. குவியலின் அரித்த சரிவில் வளைகள் உளவா எனத் தொலைநோக்கியால் நோக்கி எண்ணுக. குளிர்காலத்தில் இவ்வாறு எண்ணுவதன் நன்மை யாது? நீள்நிழலில் வளைகள் எளிதில் புலப்படுவதன் காரணத்தையும் விளக்குக.