பந்தியில் சேர்ந்தால் போதுமா?

கேள்வி: பாலக்காடு எல்லையில் எங்கள் இளைஞர் மன்றம் சமபந்தி விருந்து நடத்தப் போகிறது. இதனால் சாதி வேற்றுமை குறையுமா? – வாசகர், கொல்லங்கோடு

பதில்: தாராளமாக நடத்துங்கள். கேரளத்தில் இதற்கு நூறாண்டு கடந்த முன்னோடி உண்டு. 1917 மே மாதம் செறாயியில் சமூகச் சீர்திருத்தவாதி சகோதரன் அய்யப்பன் ஈழவரையும் புலையரையும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட வைத்தார். எதிர்த்தவர்கள் அவரைப் 'புலையன் அய்யப்பன்' என்று ஏசினார்கள். அவர் அதைப் பட்டமாகவே எடுத்துக்கொண்டார்.

சரியாக நூறாண்டு கழித்து, 2017இல், உங்கள் பக்கத்து முதலமடையில், கோவிந்தாபுரம் அம்பேத்கர் காலனிச் சக்கிலியர் மக்கள் தீண்டாமைப் புகார் சொன்னார்கள். டீக்கடையில் தனிக் குவளை, தண்ணீருக்குத் தனிக் குழாய். (நவோத்தானம், அதாவது மறுமலர்ச்சி, பேசும் மாநிலம்தான்!) தலைவர்கள் வந்தார்கள், கேமராக்களும் வந்தன.

அப்படி வெளியூர் விருந்தாளி ஒருநாள் வந்து சாப்பிட்டுப் போவதில் யாருக்கும் நஷ்டமில்லை. எனவே சமையல் காலனி வீடுகளில் நடக்கட்டும்; உள்ளூர்க் கடைக்காரர்களும் கோயில் கமிட்டிக்காரர்களும் இலை முன் உட்காரட்டும். வராதவர் யார் என்று பார்த்தாலே உங்கள் அடுத்த வேலை தெரிந்துவிடும்.

இன்னொன்று, யாருக்காக நடத்துகிறீர்களோ அவர்களிடமே மைக்கைக் கொடுங்கள். 2015இல் மூணாறில் 'பெண்பிள்ளை ஒருமை' (பெண்கள் ஒற்றுமை) என்று திரண்டவர்கள் பெரும்பாலும் தமிழ் பேசும் தலித் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் பெண்கள். தொழிற்சங்கத் தலைவர்களை ஒதுக்கிவிட்டு, சாலையில் உட்கார்ந்து 20 சதவீத போனஸ் வாங்கினார்கள். எந்தப் பயிலரங்கும் அவர்களுக்குப் பேசக் கற்றுத்தரவில்லை.

நோட்டீஸைத் தமிழிலும் மலையாளத்திலும் அச்சடியுங்கள். குழாய் விவகாரம் இன்னும் இருந்தால் உள்ளூர் அரசு அலுவலகத்துக்குத் தமிழிலேயே மனு எழுதுங்கள். மொழிச் சிறுபான்மைப் பகுதிகளில் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் அதற்கு இடம் தருகிறது.