தாத்தா கடிதத்துக்கு லேமினேஷன் வேண்டாம்!

பரணைச் சுத்தம் பண்ணும்போது பழைய கடிதக் கட்டு கிடைச்சுதா? உடனே லேமினேஷன் கடைக்கு ஓடாதீங்க தங்கச்சிங்களா. அந்தச் சூடும் பசையும் ஏறிட்டா காகிதத்தைத் திரும்பப் பிரிக்கவே முடியாது. கிழிஞ்ச இடத்துல செலோ டேப்பும் வேண்டாம். நாளானா மஞ்சளாகி எழுத்து மேலேயே கறை இறங்கும்.

ரப்பர் பேண்ட், குண்டூசி எல்லாத்தையும் கழற்றிடுங்க. கம்பியில குத்தி வெச்ச கடிதம்னா ஓட்டையைச் சுத்தித் துரு இருக்கும், சுரண்டாதீங்க. தூசிக்குக் காய்ந்த மெல்லிய பிரஷ் போதும். ஈரத்துணி கிட்டயே வரக்கூடாது, பேனா மை கலங்கிடும்.

இப்போ கையெழுத்து. ஜன்னலோரமா, வெளிச்சம் சாய்வா விழுற மாதிரி பிடிச்சுப் பாருங்க. நிப்பு அழுந்தின இடமும் மெலிசா ஓடின இடமும் தனித்தனியாத் தெரியும். தலைப்புல போட்ட பிள்ளையார் சுழி, 'ழ'வோட கீழ்ச்சுழி, இன்லேண்ட் லெட்டர்ல இடம் தீர்ந்து ஓரத்துல குறுக்கா நெருக்கி எழுதின நாலு வரி... எனக்கு அந்த ஓர வரிகள்தான் உசத்தி. அழகா எழுதணும்கிற நினைப்பே இல்லாம எழுதினது அது.

லை, ளை, னையெல்லாம் துதிக்கை வெச்ச பழைய வடிவத்துல இருந்தா, எழுதினவங்க 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்னாடி எழுதப் பழகினவங்கன்னு வெச்சுக்கலாம். அதுக்காகக் கடிதமும் அப்போ எழுதினதுன்னு முடிவு கட்டாதீங்க. பழகின கை லேசுல மாறாது! தேதி இல்லேன்னா தபால் முத்திரையைப் பாருங்க. விலாசத்துல பின்கோடு இருந்தா 1972 ஆகஸ்டுக்குப் பிந்தினது. அதனால கவரைத் தூக்கிப் போடாதீங்க.

போட்டோ எடுக்க ஃபிளாஷ் வேண்டாம். மெல்லிய தாளா இருந்து மறுபக்க எழுத்து தெரிஞ்சா, அடியில கறுப்புக் காகிதம் வைங்க. ஸ்கேன் பண்ணினா கலர்லயே பண்ணுங்க, மையோட நிறமும் வேணுமே. சுவர்ல மாட்ட ஆசைன்னா கலர் பிரதியை மாட்டுங்க. அசல் வெயில்ல வெளிறிடும்.

மடிப்பைப் பிரிச்சு, அமிலமில்லாத காகித உறையில போட்டு அலமாரியில வைங்க. பரண் சூடு கடிதத்துக்கு ஆகாது. பி.வி.சி. கவர்ல மை ஒட்டிக்கும். பூச்சிக்குன்னு வேப்பிலையைக் கடிதத்து மேலேயே வைக்கிறதும் தப்பு, கறைதான் மிஞ்சும்.

ஒண்ணு மட்டும் தள்ளிப்போடாதீங்க. புரியாத கையெழுத்தை வீட்டுப் பெரியவங்ககிட்ட வாசிக்கச் சொல்லி, தெரியாத செல்லப் பேர் யாரோடதுன்னும் கேட்டு, போன்ல பதிவு பண்ணிடுங்க. இந்த ஞாயிற்றுக்கிழமையே உட்காருங்க.