பகடையும் திணையும்: பந்திங்கை ஆட்டக்களமாக்கிப் பார்த்தல்

மேசையைச் சுற்றி நான்கைந்து பேர் அமர்ந்து, ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, பகடை உருட்டி, இல்லாத ஓர் உலகத்தில் வாய்ப்பேச்சாலேயே பயணம் போகும் விளையாட்டு நம் மாணவர்கள் பலருக்கு அறிமுகமானதே. 1974-ஆம் ஆண்டு அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் இருவரும் உருவாக்கி வெளியிட்ட 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' இவ்வகை ஆட்டங்களுக்கெல்லாம் தாய் எனலாம். ஒருவர் கதையை நடத்துவார். அவரை நடத்துநர் என்றே அழைப்போம். மற்றவர்கள் "கதவைத் திறக்கிறேன்", "ஓடி ஒளிகிறேன்" என்று சொல்ல, அது நடந்ததா இல்லையா என்பதைப் பகடையும் விதியும் தீர்மானிக்கும்.

இந்த ஆட்டத்தைத் தமிழில் ஆடலாமா என்று பேரவை நண்பர்கள் கேட்கும்போதெல்லாம், பெயர்களை மாற்றினால் போதும் என்ற எண்ணமே அவர்களிடம் மேலோங்கி இருப்பதைக் கண்டிருக்கிறேன். டிராகனை யாளி என்பது, அரசனுக்குச் சோழன் என்று முடிசூட்டுவது, வாளுக்கு ஒரு செந்தமிழ்ப் பெயர் சூட்டுவது. இவற்றால் உலகம் தமிழாகிவிடாது என்பதே என் கருத்து. ஓர் ஆட்ட உலகம் பெயரில் இல்லை, விதியில் இருக்கிறது. எதற்கு என்ன விலை, எங்கே எது நடக்காது, யார் எப்போது வலியவர் என்பனவே அந்த உலகம். நடத்துநர் முப்பது பக்கம் அரச பரம்பரை எழுதி வந்தாலும் ஆடுபவர் அதைப் படிப்பதில்லை. ஒரு விதியை மட்டும் அவர் மறக்கமாட்டார், ஏனென்றால் அது அவருடைய காயை வெட்டும்.

நான் பந்திங்கைச் சேர்ந்தவன். ஆகவே உதாரணத்தை அங்கிருந்தே எடுக்கிறேன். 1945 செப்டம்பர் 9-ஆம் நாள், ஜப்பான் சரணடைந்த பிறகு, பிரிட்டிஷ் இந்தியப் படைகள் மோரிப் கடற்கரையில் வந்திறங்கின. எதிர்த்துச் சுட எவரும் இல்லை. ஆனாலும் வண்டிகள் இளகிய மணலிலும் சேற்றிலும் புதைந்து நின்றுவிட்டன. இதிலிருந்து ஒரு விதி செய்யலாம்: "நெய்தலில் சுமையோடு நடப்பவர் பகடை உருட்ட வேண்டும்; தோற்றால் சுமையை விடலாம், அல்லது அங்கேயே நிற்கலாம்." மோரிப்பைப் பற்றி மூன்று பக்கம் வருணிப்பதைவிட இந்த ஒரு வரி அந்தக் கரையை ஆடுபவரின் காலுக்குக் கீழே கொண்டுவந்துவிடும்.

உலகம் அமைப்பதற்கு நம்மிடம் ஓர் ஆயத்தத் திட்டம் இருக்கிறது. தொல்காப்பியத்தின் திணைப் பாகுபாட்டைத்தான் சொல்கிறேன். தேர்வுக்காக முதல், கரு, உரி என்று மனனம் செய்துவிட்டு மறந்துவிடுகிறோம். அதை ஆட்ட விதியாகப் படித்துப் பாருங்கள். குறிஞ்சிக்கு யாமம், முல்லைக்கு மாலை, மருதத்துக்கு வைகறை, நெய்தலுக்கு எற்பாடு, பாலைக்கு நண்பகல் என ஒவ்வொரு நிலத்துக்கும் அதற்குரிய பொழுது உண்டு. முல்லையின் உரிப்பொருள் இருத்தல். எனவே முல்லை நிலத்தில் மாலை நேரத்தில் காத்திருப்பவருக்கே வலிமை. அவசரப்பட்டு முன்னேறுபவருக்கு ஒரு வீச்சு குறையும். மேலைநாட்டு ஆட்டங்களில் காத்திருப்பவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் சலிப்புதான்.

புறத்திணையும் இவ்வாறே உதவும். குறிஞ்சிக்கு வெட்சி, முல்லைக்கு வஞ்சி, மருதத்துக்கு உழிஞை, நெய்தலுக்குத் தும்பை, பாலைக்கு வாகை என்று தொல்காப்பியம் இணைத்துக் காட்டுகிறது. மலையில் ஆநிரை கவரலாம். கோட்டையை முற்றுகையிட மருதத்துக்கு வர வேண்டும். எந்த நிலத்தில் எவ்வகைப் போர் என்பது நடத்துநர் யோசிக்கும் முன்பே தீர்ந்துவிட்டது.

இனி வரைபடம். சிலாங்கூரின் அரச நகராக ஒரு காலத்தில் விளங்கிய ஜுக்ராவும் அதன் குன்றும் நமக்குக் குறிஞ்சி. மோரிப் நெய்தல். வடக்கே கோல லங்காட்டின் சதுப்புக் காடு முல்லை. மருதத்தில்தான் சிக்கல், ஏனெனில் எங்கள் பக்கம் வயல் இல்லை. அதன் இடத்தில் தோட்டத்தை வைத்தேன். "செம்பனை எப்படி ஐயா மருதத்தின் கருப்பொருளாகும்?" என்று ஒரு மாணவர் கேட்டார். நல்ல கேள்வி. இதற்கும் தொல்காப்பியத்திலேயே விடை உண்டு. ஒரு நிலத்துக்குரிய பூவும் பறவையும் வேறு நிலத்தில் காணப்பட்டால், அவை வந்து சேர்ந்த நிலத்துக்கே உரியனவாகக் கொள்ளப்படும் என்பது அகத்திணையியல் கருத்து. ரப்பர் பிரேசிலிலிருந்து புறப்பட்டு, கியூ தோட்டம் வழியாக 1877-இல் சிங்கப்பூருக்கு வந்த மரம். செம்பனை மேற்கு ஆப்பிரிக்க மரம். வணிக அளவில் இந்நாட்டில் அது முதன்முதல் நடப்பட்டது 1917-இல், நம் சிலாங்கூர் மாநிலத்திலேயே, தென்னமரம் தோட்டத்தில். வந்த மரம் வந்த நிலத்துக்கு உரியது. அந்த மரங்களுக்காக வந்த மனிதர்களுக்கும் இவ்விதியை ஆட்டத்தில் விரித்துக்கொண்டோம். வெளியூரான் என்பதற்காக எவருக்கும் ஒரு வீச்சும் குறையாது.

பகடைக்கு இருபது முகக் கட்டை தேடி அலைய வேண்டாம். பாட்டி வீட்டுப் பித்தளைத் தாயக்கட்டை போதும். ஒவ்வொரு கட்டையிலும் நான்கு பக்கம்: ஒன்று, இரண்டு, மூன்று, வெறுமை. இரண்டு கட்டைகள் 16 வகையாக விழலாம். அவற்றில் மூன்று விழ 4 வழி. இரண்டுக்கும் நான்குக்கும் மும்மூன்று. தாயத்துக்கும் ஐந்துக்கும் இவ்விரண்டு. ஆறுக்கும், இரண்டும் வெறுமையாய் விழும் பன்னிரண்டுக்கும் ஒவ்வொன்று. இருபது முகக் கட்டையில் எல்லா எண்ணும் சமவாய்ப்பு, இங்கே அப்படியில்லை. சாதாரணக் காரியத்துக்கு மூன்றும் அதற்கு மேலும் வேண்டும் என்று வைத்தால் 16-இல் 11 முறை வெற்றி. அரிய காரியத்துக்கு ஐந்தும் அதற்கு மேலும் என்றால் 4 முறைதான். தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு விழுந்தால் மறுவீச்சு உண்டு என்பது வீட்டு வழக்கம், அதை அப்படியே வைத்துக்கொண்டோம். மறுவீச்சை உடனே உருட்டாமல் சேமித்தும் வைக்கலாம். தாயத்துக்கு மட்டும் ஒரு தனிச் சிறப்பு: நினைத்த காரியம் நடக்காது, ஆனால் நினையாத ஒரு வழி திறக்கும். தாயம் விழாமல் காய் இறங்காது என்று பாட்டிமார் சொல்லக் கேட்டவர்களுக்கு இது விளங்கும்.

தெய்வங்களைப் பற்றி ஒரு வார்த்தை. 1980-இல் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் நிறுவனத்தார் வெளியிட்ட ஒரு நூலில் இந்திரன், காளி முதலியோருக்கும் உயிர்ப்புள்ளி கணக்கிட்டு அச்சிட்டிருந்தார்கள். கணக்கு இருக்கிறதென்றால் கொல்லலாம் என்று பொருள். தோட்டத்து எல்லையில் நிற்கும் முனியாண்டிக்கு உயிர்ப்புள்ளி கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அவருக்கு எண் இல்லை, எல்லை மட்டுமே உண்டு. அதைத் தாண்டுபவர் வாய்விட்டு ஒரு நேர்த்திக்கடன் சொல்லலாம்; சொன்னால் பயணத்தில் ஒரு முறை பன்னிரண்டு விழுந்ததாகக் கொள்ளலாம்; நிறைவேற்றும்வரை மறுவீச்சு கிடையாது. கேரித்தீவில் வாழும் மா மெரி மக்களின் மோயாங் முகமூடிகளை அரக்கர்களாக்கலாம் என்று ஒரு நண்பர் யோசனை சொன்னார். மரத்தில் செதுக்கிய அம்முகங்கள் அவர்களுடைய முன்னோர் ஆவிகளைக் குறிப்பவை. இன்றும் ஆண்டுதோறும் விழா எடுத்து வணங்குகிறார்கள். அந்த யோசனையை நாங்கள் ஏற்கவில்லை. நம் முனியாண்டியை யாரோ ஒருவர் அடித்து வீழ்த்தும் பூதமாக்கினால் நமக்கு எப்படியிருக்கும்?

எஞ்சியிருப்பது பாலை. முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் தம் இயல்பு கெட்டுப் பாலையாகின்றன என்று சிலப்பதிகாரம் சொல்கிறது. ஆக, பாலை என்பது வரைபடத்தில் ஓரிடம் அன்று. எந்த நிலத்துக்கும் நேரக்கூடிய ஒரு நிலை. எங்கள் ஆட்டத்தில் தோட்டம் விற்கப்படும் நாளில் அது வருகிறது. அதற்குப் பகடை இல்லை. நடத்துநர் அறிவிப்பார், அவ்வளவுதான். தோட்டத்தில் யாரும் தங்களைக் கேட்டு விற்றதில்லையே!

ஒவ்வொருவரும் தொடக்கத்திலேயே தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, யாழ், தொழில் என எட்டுக் கருப்பொருள்களைத் தம் தாளில் எழுதியிருப்பார்கள், அவற்றுக்குரிய சொற்களோடு. பாலை வந்ததும் மூன்றை மட்டுமே எடுத்துச் செல்லலாம். மற்றவற்றின் மேல் கோடு. கோடு விழுந்த சொல்லை அதன்பிறகு மேசையில் சொல்லக்கூடாது. சொல்லியே ஆகவேண்டுமென்றால் ஒரு வீச்சை விலையாகக் கொடுக்க வேண்டும்.

எங்களோடு ஆடிய முதலாம் ஆண்டுத் தங்கை ஒருத்தி, பட்டணத்தில் பிறந்து வளர்ந்தவள். பால்மரம் சீவுதல், மங்கு, காண்டா, பெரட்டு ஆகிய சொற்களைத் தன் தாளில் எழுதும்போதுதான் எங்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாள். ஆகவே பாலை வந்தபோது தொழிலைத் தயங்காமல் விட்டுவிட்டாள். மூன்று சுற்று கழித்து அவளுடைய பாத்திரம் கிள்ளானில் வேலைக்கு நின்றது. நடத்துநர் முதலாளியின் குரலில், "உங்க அம்மா என்னம்மா வேலை செஞ்சாங்க?" என்று கேட்டார். அவள் தாளைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள். வேறு சொற்களில் சுற்றிச் சுற்றிச் சொல்லிப் பார்த்தாள்: காலையில் இருட்டோடு எழுந்து, மரத்தில், கிண்ணத்தில்... கடைசியில் கையிலிருந்த ஒரே வீச்சைக் கொடுத்துவிட்டு, "மங்குல பால் எடுத்தாங்க" என்றாள். ஆட்டக்கணக்கில் அது நட்டம். அந்த வேலையும் கிடைக்கவில்லை.

பாலை மீண்டும் முல்லையாக முடியுமா என்பதே நாங்கள் அதிக நேரம் வாதிட்ட விதி. 2021-இல் கோல லங்காட் வடக்குக் காப்புக்காட்டில் ஐந்நூறு ஹெக்டருக்கு மேற்பட்ட பகுதி காப்புப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்ட செய்தி வெளியாகி, பலத்த எதிர்ப்புக்குப் பின் அதே ஆண்டு செப்டம்பரில் மாநில அரசு அம்முடிவைத் திரும்பப் பெற்றது. ஆகவே முடியும் என்று விதி எழுதினோம்: கார்காலத்தில், ஒரே சுற்றில், மேசையில் இருக்கும் அனைவரும் தாங்கள் சேமித்த மறுவீச்சுகளை முழுவதும் விட்டுக்கொடுத்தால் நிலம் திரும்பும். இதுவரை நான்கு முறை ஆடியிருக்கிறோம். ஒருமுறை நான்கு பேர் கொடுத்தார்கள். ஐந்தாமவர் பன்னிரண்டு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, அடுத்த சுற்றில் தருகிறேன் என்றார். அடுத்த சுற்றுக்குள் கார்காலம் முடிந்துவிட்டது.