உவர் நிலத்திற்கு உதவிய பொக்காளி நெல்

மழை குன்றினால் கடலையும் களப்பையும் அடுத்த வயல்களில் உப்பு மேலெழுந்து பயிரைக் கருக்கும். எலுவன்குளம் போன்ற கரையோர ஊர்க் கமக்காரர் இதனை அறிவர். இத்தகைய நிலத்தைத் தாங்கும் நெல்லினங்களுள் பெயர்பெற்றது பொக்காளி.

இது கேரளத்தின் ஆலப்புழை, எர்ணாகுளம், திருச்சூர் மாவட்டக் கரையோரங்களுக்குரிய பழைய இனமாகும். அங்குள்ளோர் கோடையில் வயல் மண்ணைச் சிறு மேடுகளாகக் குவிப்பர். பருவமழை அம்மேடுகளின் உப்பைக் கழுவியபின், முளைகட்டிய விதையை அவற்றில் இடுவர். நாற்று வளர்ந்ததும் மேட்டை வெட்டி நாற்றுடன் பரப்புவர். அறுவடைக்குப் பின்னர் அவ்வயலிலேயே இறால் வளர்ப்பர். 2008ஆம் ஆண்டில் இந்நெல் புவிசார் குறியீடு பெற்றது.

பொக்காளி ஆளுயரம் வளர்ந்து சாயும், விளைச்சலும் குறைவு. ஆயினும் தன் இலைகளில் உப்பு மிகாது காக்கும் தன்மை அதற்குண்டு. அத்தன்மையைப் பெறும்பொருட்டு, இலங்கையில் அதனைப் பீ.ஜீ. 94-1 இனத்துடன் கலந்து, ஏ.ரீ. 354 என்னும் மூன்றரை மாத நெல் உருவாக்கப்பட்டது. அது 1992ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. பழைய இனம் அழிந்திருப்பின் புதியது பிறந்திராது.

உவர் தாங்கும் இனமும் மிகுந்த உப்பைத் தாங்காது. ஆதலின் கமக்காரர் கவனிக்க வேண்டியவை:

1. விதைக்குமுன் வயலில் நன்னீர் கட்டிக் கலக்கி, அந்நீரை வடித்துவிட வேண்டும்.

2. இளநாற்றுப் பருவத்திலும் பூக்கும் பருவத்திலும் உப்பு மிகுதியாகத் தாக்கும். அப்பொழுது வயலை உலரவிடலாகாது.

3. நடுகை செய்வோர் சற்று முதிர்ந்த நாற்றையே நடவேண்டும்.

4. கலப்பற்ற கதிர்களைத் தெரிந்து, விதைநெல்லாகத் தனியே உலர்த்திச் சேமிக்க வேண்டும்.

உங்களிடம் பழைய உவர்நெல் ஒரு பிடியே இருப்பினும் அதனைக் கைவிடாதீர்கள். விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுங்கள்.