சூதகம்: ஒரு பழைய மருத்துவச் சொல்லும் நாம் அறிய வேண்டியதும்



நம் வீடுகளில் மூத்தவர்கள் வைத்திருக்கும் பழைய சித்த மருத்துவப் புத்தகங்களைப் புரட்டினால் ‘சூதகவலி’, ‘சூதகக்கட்டு’ போன்ற சொற்கள் கண்ணில் படும். இன்றைய பிள்ளைகளுக்கு இவை புரிவதில்லை. சூதகம் என்றால் மாதவிடாய். அந்நாட்களில் வரும் வயிற்றுவலி சூதகவலி. மாதவிடாய் வராமல் தடைபடுவது சூதகக்கட்டு. அளவு மீறி உதிரம் போவதற்குப் ‘பெரும்பாடு’ என்று பெயர்.

சூதகம் வடமொழியிலிருந்து வந்த சொல். பிள்ளைப்பேற்றையும் அதையொட்டிக் கடைப்பிடிக்கும் தீட்டையும் அது குறித்தது. தமிழில் மாதவிடாய்க்கும் அதே பெயர் வழங்கியது. ஆகவே, மருத்துவச் சொல்லாக இருந்தாலும் அதற்குள் தீட்டு என்ற எண்ணம் ஒளிந்திருக்கிறது. அக்கால ஆங்கில மருத்துவர்கள் ‘கேட்டமீனியா’ என்று எழுதினார்கள். ‘மாதந்தோறும்’ என்ற பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது அது. அரபியில் ‘ஹைளு’ என்கிறோம். வழிந்தோடுதல் என்பதே அதன் மூலப்பொருள். இவ்விரண்டு பெயர்களிலும் தீட்டு என்ற பொருள் இல்லை.

நம் மார்க்கமும் பெண்ணைத் தீட்டாகப் பார்க்கவில்லை. ஹஜ் பயணத்தில் ஹைளு வந்து அழுத ஆயிஷா (ரலி) அவர்களிடம், இது ஆதமுடைய பெண்மக்கள் மீது அல்லாஹ் விதித்த ஒன்று என்று நபி (ஸல்) அவர்கள் ஆறுதல் சொன்னார்கள். அந்நாட்களில் ஆயிஷா (ரலி) பருகிய பாத்திரத்தில் அவர்கள் வாய் வைத்த அதே இடத்தில் வாய் வைத்துப் பருகினார்கள். தொழுகையும் நோன்பும் இல்லை என்பது சட்டம். விடுபட்ட நோன்பைப் பிறகு களாச் செய்ய வேண்டும். தொழுகையைக் களாச் செய்ய வேண்டியதில்லை. தனித் தட்டு, தனிப் பாய், திண்ணையில் படுக்கை என்பதெல்லாம் மார்க்கம் சொன்னவை அல்ல.

இன்னொரு செய்தி இதைவிட முக்கியமானது. வரும் உதிரம் எல்லாம் ஹைளு அல்ல. உதிரம் நிற்கவே இல்லை, தொழுகையை விட்டுவிடவா என்று ஃபாத்திமா பின்த் அபீ ஹுபைஷ் (ரலி) கேட்டபோது, வேண்டாம், அது ஒரு நரம்பிலிருந்து வருவது, ஹைளு அல்ல என்று நபி (ஸல்) அவர்கள் விளக்கினார்கள். இதற்கு ‘இஸ்திஹாளா’ என்று பெயர். இந்த நிலையில் தொழ வேண்டும், நோன்பும் நோற்க வேண்டும்.

ஹைளின் கால அளவு ஷாஃபிஈ மத்ஹபில் குறைந்தது ஒரு நாள், கூடியது 15 நாள். ஹனஃபி மத்ஹபில் குறைந்தது 3 நாள், கூடியது 10 நாள்.

இங்கேதான் பலர் தவறிவிடுகிறோம். எங்களிடம் உதவி கேட்டு வந்த ஒரு சகோதரிக்குப் பல மாதங்களாக உதிரம் 12, 13 நாள் நீடித்திருக்கிறது. 15 நாளுக்குள்தானே என்று வீட்டார் பேசாமல் இருந்துவிட்டார்கள். மயங்கி விழுந்த பிறகே மருத்துவரிடம் போனார்கள். இரத்தம் மிகவும் குறைந்துபோயிருந்தது.

15 நாள் என்பது தொழுகைக்கான கணக்கு. உடல்நலத்துக்கான கணக்கு வேறு. பெரும்பாலான பெண்களுக்கு 21 முதல் 35 நாளுக்கு ஒருமுறை மாதவிடாய் வரும். 2 முதல் 7 நாளில் நின்றுவிடும். உதிரம் ஒரு வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, மணிக்கு ஒருமுறை துணி மாற்ற நேர்ந்தாலோ, பெரிய கட்டிகளாக வந்தாலோ, இரு மாதவிடாய்க்கு நடுவே பட்டாலோ மருத்துவரிடம் காட்ட வேண்டும். மாதவிடாய் முற்றிலும் நின்று ஓராண்டு கடந்த பின் ஒரு சொட்டு பட்டாலும் தாமதிக்கக் கூடாது.

மருத்துவரிடம் ‘தொடக்கு’, ‘உடம்பு சரியில்லை’ என்று சுற்றிவளைத்துச் சொன்னால் அவருக்கு விளங்காது. எந்தத் தேதியில் வந்தது, எத்தனை நாள் போனது, எத்தனை துணி மாற்றினோம் என்று நேராகச் சொல்லுங்கள். வீட்டு நாள்காட்டியில் வந்த நாளையும் நின்ற நாளையும் குறித்து வையுங்கள். மருத்துவருக்கும் அது உதவும். சட்டம் கேட்கும்போது ஆலிமுக்கும் உதவும்.

மார்க்கத்தைக் கற்பதற்கு வெட்கம் தடையாக இல்லாத அன்சாரிப் பெண்களை ஆயிஷா (ரலி) பாராட்டினார்கள். தாய்மார்கள் பெண்பிள்ளைகளிடம் இவற்றை முன்கூட்டியே பேசுங்கள். கணவன்மாரே, மனைவி சோர்ந்திருந்தால் என்ன என்று கேளுங்கள். மருத்துவமனைக்கு நீங்களே கூட்டிச் செல்லுங்கள்.

அல்லாஹ் நம் பெண்மக்களுக்கு நல்ல ஆரோக்கியத்தைத் தந்தருள்வானாக. ஆமீன்.