இரவில் வந்தவர்

நிக்கொதேமு பரிசேயர், யூதத் தலைவர்களுள் ஒருவர். பிறர் கண்ணுக்கு அஞ்சினார் போலும், இரவிலே இயேசுவிடம் வந்தார்.

மறுபிறப்பைப் பற்றி ஆண்டவர் கூறியதை எழுதும்போது அருளப்பர் கையாண்ட கிரேக்கச் சொல் 'அநோத்தென்'. 'மறுபடியும்', 'மேலிருந்து' என அதற்கு இரு பொருளுண்டு. நிக்கொதேமு முதற் பொருளையே பற்றிக்கொண்டு, முதியவன் தாய் வயிற்றுக்குத் திரும்புவதெப்படி என்றார். ஆண்டவரோ நீரையும் ஆவியையும் குறித்துப் பேசினார். திருச்சபை இதில் ஞானஸ்நானத்தைக் காண்கிறது.

அன்றிரவே அவர் மாறினாரா? அருளப்பர் சொல்லவில்லை. 7ஆம் அதிகாரத்தில், விசாரியாமல் ஒருவரைத் தீர்ப்பிடலாகாதென்று தம் சகாக்களிடமே வாதாடுகிறார், ஏளனந்தான் கிடைக்கிறது. 19ஆம் அதிகாரத்திலோ, சீடர் பலர் சிதறிவிட்ட வேளையில், வெள்ளைப்போளமும் அகிலும் கலந்து ஏறக்குறைய 100 இராத்தல் (உரோம அளவு, 30 கிலோவுக்கு மேல்!) கொண்டுவந்து, சிலுவையில் மாண்டவரை அடக்கஞ்செய்கிறார். இதை ஒளித்துச் செய்ய முடியாது.

பிள்ளையின் பெயர் ஞானஸ்நானப் பதிவேட்டில் ஏறிவிட்டது, இனியென்ன என்றிருக்கும் பெற்றோர் நம்மிடையே பலர். பாஸ்காத் திருவிழிப்பில் மெழுகுதிரி ஏந்தி அவ்வாக்குறுதிகளை ஆண்டுதோறும் புதுப்பிக்கிறோமே. வேலிச் சண்டையால் ஆண்டுக்கணக்காய்ப் பேசாதிருக்கும் அயலவரிடம் மறுநாட் காலையில் யார் முதலிற் போவது?