"விளையாட்டுக்குத்தானே செய்தேன்!"

லோதி ரோடு பக்கம் குடியிருக்கும் நம் குடும்பங்கள் கூடினால், "பெண் கையில் செல்போன் இருக்கிறது, பயமாயிருக்கிறது" என்ற பேச்சு தவறாமல் வரும். "பையன் அதில் என்ன செய்கிறான்?" என்று கேட்பவர் குறைவு. இந்தப் பாடம் அந்தக் கேள்வியைப் பற்றியது.

2022 ஜனவரி முதல் தேதி, 'புல்லி பாய்' என்ற செயலியில் நூற்றுக்கும் மேற்பட்ட முஸ்லிம் பெண்களின் படங்கள் அவர்களைக் கேட்காமலேயே 'ஏலத்துக்கு' வைக்கப்பட்டன. அவர்களில் பத்திரிகையாளர்களும் இருந்தனர். உண்மையில் அங்கே விற்பனை ஏதும் இல்லை. வாய் திறந்து பேசும் பெண்ணைத் தலைகுனிய வைப்பதுதான் அதன் பலன். தில்லியிலும் மும்பையிலும் வழக்குகள் பதிவாயின. குற்றம் சாட்டிக் கைது செய்யப்பட்டவர்களில் 21 வயதுப் பொறியியல் மாணவர் ஒருவரும், 18 வயதுப் பெண் ஒருவரும் உண்டு.

படிக்கிற பிள்ளைகளுக்கு இதற்கு மனம் எப்படித் துணிகிறது? அமெரிக்கச் சமூகவியலாளர்கள் கிரஷாம் சைக்ஸும் டேவிட் மாட்ஸாவும் 1957-இல், தவறு செய்யும் இளைஞர்கள் தமக்குத் தாமே சொல்லிக்கொள்ளும் ஐந்து சமாதானங்களைச் சுட்டினார்கள். அவற்றை நம் வீட்டுப் பேச்சில் சொன்னால் இப்படி இருக்கும்:

1. "எனக்கு வந்ததைத்தான் அனுப்பினேன்."
2. "விளையாட்டுத்தானே, யாருக்கு என்ன நஷ்டம்?"
3. "அவள் மட்டும் அப்படிப் படம் போடலாமா?"
4. "நீங்கள் மட்டும் யோக்கியமா?"
5. "நண்பர்களை விட்டுக்கொடுக்க முடியுமா?"

இந்தச் சமாதானங்கள் மாட்டிக்கொண்ட பிறகு மட்டும் வருபவை அல்ல. செய்வதற்கு முன்பே மனதில் தயாராகி, கையை அவிழ்த்து விடுகின்றன என்பதே அவர்கள் கண்ட உண்மை. "ஆம்பளைப் பிள்ளை, அப்படித்தான் இருப்பான்" என்று நாம் சிரித்துக்கொண்டே சொல்லும்போது, அந்தச் சமாதானத்தை நாமே எடுத்துக் கொடுக்கிறோம்.

"ஏன் பதில் இல்லை? யாரோடு பேசினாய்? பாஸ்வேர்டைக் கொடு" என்று நச்சரிப்பதை அன்பு என்று நம்பும் இளைஞர்களும் உண்டு. அது அன்பு அல்ல, அதிகாரம். பெண் தனக்கு விருப்பமில்லை என்று தெளிவாகக் காட்டிய பின்னும் திரும்பத் திரும்பத் தொடர்பு கொள்வதும், இணையத்தில் அவளைக் கண்காணிப்பதும் 2013 முதல் குற்றம். இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவில் இது 78-ஆம் பிரிவு. முதல் முறை 3 ஆண்டு வரையிலும், மறுமுறை 5 ஆண்டு வரையிலும் சிறை.

இன்று இரவு சாப்பாட்டின்போது பிள்ளைகளிடம் பேச இரண்டு கேள்விகள்:

• இந்த ஐந்தில் எதை நீ சொல்லியிருக்கிறாய்?
• உன் நண்பர் குழுவில் ஒரு பெண்ணைக் கேலி செய்து படம் வந்தால், "இது சரியில்லை" என்று முதலில் யார் சொல்வது?

பெற்றோரும் முதல் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். நாம் ஒப்புக்கொண்டால்தான் பிள்ளை வாய் திறப்பான்.